மரியாதை விகுதி

அன்புள்ள டேனிக்கு, அம்மா எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீட்டுக்குள் கால் வைத்த நேரம் பார்த்து போன் செய்தாய். சேலைகூட மாற்றவில்லை. “ம்மா, ஒரு தடவ கை நீட்டிட்டேன். தப்புதான், இல்லங்கல. அதுக்குப் போயி போலீஸ் ஸ்டேஷன் வரைக்குமா போவா? நீங்க சொன்னா கேப்பா. வியாழக்கெழம விசாரணைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அதுக்கு முன்னால வாபஸ் வாங்கச் சொல்லுங்க” என்றாய். பிறகு, “என்னம்மா, நீங்க எனக்கு அம்மாவா, இல்ல அவளுக்கு டீச்சரா?” என்று கேட்டாய். போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைக்கவில்லை. ஆயுசெல்லாம் வகுப்பில் வாயைத் திறந்தே பிழைத்தவளுக்கு அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எனக்கு எழுதத்தான் வரும் போலிருக்கிறது, எழுதுகிறேன். இரண்டு கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. பொறுமையாகப் படி.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டவில்லை. ஒரு நகலை உனக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, இன்னொன்றை ஒரு பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். உன் பெயர் டேனி இல்லை, உன் மனைவி பெயர் கிருபா இல்லை என்பது நமக்குத் தெரியும். தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடிக்கட்டும். இந்த மாதிரி விஷயங்களை ஒட்டி ஒட்டி வைத்துத்தான் நம் குடும்பத்தில் இது வரை வந்திருக்கிறது. கிருபாவிடம் படிக்கக் கொடுத்தேன். ஒரே ஒரு வரியை மட்டும் எடுக்கச் சொன்னாள். எடுத்துவிட்டேன். அது என்ன வரி என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

கல்லூரியில் நான் என்ன பாடம் நடத்துகிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. ஒரே ஒரு பாடம் மட்டும் உனக்குத் தெரியும், கேலி செய்வதற்காக. இந்தியப் பெண்கள் இங்கிலீஷில் எழுதிய கவிதைகள். “இங்கிலீசுல ஒப்பாரி வைக்கத நடத்துதாங்க எங்கம்மா” என்று உன் கூட்டாளிகளிடம் சொல்வாய். நானும் சிரித்திருக்கிறேன். ஒப்பாரிதான் அது, ஆனால் செத்தவளே எழுந்து உட்கார்ந்து வைக்கிற ஒப்பாரி. ஒருத்தி கல்யாண இரவை எழுதியிருப்பாள், அதில் தாழ்ப்பாள் போடும் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். ஒருத்தி தான் பிறந்த அன்றைக்கு வீட்டில் யாரும் மிட்டாய் வாங்கப் போகவில்லை என்று எழுதியிருப்பாள். ஒருத்தி பஸ் நெரிசலில் தன்மேல் ஊர்ந்த கையை எழுதியிருப்பாள், ஒருத்தி ஸ்டவ் வெடித்துச் செத்ததாகச் சொல்லப்பட்ட பக்கத்து வீட்டுப் பெண்ணை. எல்லாம் நல்ல இங்கிலீஷ். அரை மார்க், ஒரு மார்க் என்று பிரித்து நான் நடத்தியிருக்கிறேன்.

எப்படி நடத்தினேன் தெரியுமா? கவிதையில் ஒரு பெண்ணின் கையில் காயம் இருக்கும். உடனே போர்டில் ‘காயம் எதன் குறியீடு?’ என்று எழுதுவேன். சமூகத்தின் குறியீடு, மரபின் குறியீடு, அடிமைத்தனத்தின் குறியீடு என்று பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். கைடு புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். பரீட்சையில் ஐந்து மார்க் நிச்சயம். ஒருநாள் நடு வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். உடன்குடிப் பிள்ளை, கருப்பட்டி மண்டிக்காரர் மகள். “மேடம், அது காயமாவே இருக்கக் கூடாதா?” என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, “இருக்கலாம்மா, ஆனா மார்க் வராது” என்றேன். கெட்டிக்காரத்தனமான பதில் என்று அன்றைக்கு எனக்கே ஒரு பெருமை. அந்தப் பிள்ளைதான் கிருபா.

அந்த வருடமே கல்லூரியில் இங்கிலீஷ் கவிதைப் போட்டி வைத்தார்கள். நடுவராக வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். கிருபாவுக்குத்தான் முதல் பரிசு. மேடையில் அவளையே வாசிக்கச் சொன்னார்கள். தன் அம்மா அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் கடையடைத்து வந்ததும் அப்பா அம்மாவை நோக்கிக் கை நீட்டுகிறார், அம்மா கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று ஒரு வரி. ‘கை நீட்டினார்’ என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் வைத்திருந்தாள். தமிழில் புருஷன் கை நீட்டினான் என்றால் என்ன என்று நம் ஊரில் பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். இங்கிலீஷில் கை நீட்டினால் அது கைகொடுப்பது, அணைப்பது, தாங்கிப் பிடிப்பது. நடுவருக்குத் தமிழ் தெரியாது. மைக்கைப் பிடித்து, இத்தனை வருட தாம்பத்தியத்துக்குப் பிறகும் குறையாத காதலை இவ்வளவு மென்மையாக யாரும் எழுதி நான் படித்ததில்லை, முத்துநகரில் எனக்கு ஒரு முத்து கிடைத்தது என்றார். மேடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இந்த ஊரில் ஒரு முத்தைக் கண்டெடுக்காமல் போவதில்லை. ஹாலில் இருந்த பிள்ளைகள் யாரும் கை தட்டவில்லை. அத்தனை பேருக்கும் புரிந்திருந்தது. கடைசி வரிசையில் இருந்து ஒரே ஒரு ஆள் மட்டும் தட்டினார்கள். கிருபாவின் அம்மா.

விழா முடிந்ததும் அந்த அம்மாள் மகளிடம் வந்து, “எதப் பத்திம்மா எழுதுன?” என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

“ஒன்னயப் பத்திதான்.”

“அப்பாவையுமா?”

“ஆமா. கை நீட்டுவாருன்னு எழுதியிருக்கேன்.”

அந்த அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, “இங்கிலீசுலதான எழுதியிருக்க?” என்றார்கள். “ஆமாம்மா.” “அப்போ சரி” என்று பரிசுக் கோப்பையை வாங்கி முந்தானையால் துடைத்தார்கள்.

அந்த ‘அப்போ சரி’யை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அத்தனை பெண்கள் ஏன் இங்கிலீஷில் போய் எழுதினார்கள் என்பதற்குப் புத்தகங்களில் பெரிய பெரிய காரணங்கள் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த காரணம் சின்னது. அந்த மொழியில் ஜனாதிபதியும் ‘ஹி’தான், மாடு மேய்க்கிறவனும் ‘ஹி’தான், புருஷனும் ‘ஹி’தான். தமிழில் ஒருத்தி தன் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டுமென்றால், வினைச்சொல் முடிகிற இடத்தில் ஒரு கும்பிடு போட்டாக வேண்டும். வந்தார், சாப்பிட்டார், அடித்தார். அடி வாங்கியவளே அடித்தவரை ‘ஆர்’ போட்டு எழுப்பி உட்கார வைக்க வேண்டும். இங்கிலீஷ் அதைக் கேட்பதில்லை. கெட்டது என்னவென்றால், அப்படி எழுதியதை வீட்டில் யாரும் படிப்பதுமில்லை. கேட்க வேண்டியவர் காதுக்குப் போகாத மொழியில் உண்மையைச் சொல்லிவிட்டு, பரிசும் வாங்கிக்கொண்டு, அதே வீட்டுக்குத் திரும்பிப் போவது. அன்றைக்கு அம்மாவும் மகளும் உடன்குடி பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

அவள் படிப்பு முடிந்ததும் நானே போய்ப் பெண் கேட்டேன். உனக்கு அவளைப் பிடித்திருந்தது, அது வேறு. ஆனால் என் மனதில் இருந்தது என்ன தெரியுமா? அந்த வீட்டிலிருந்து ஒரு நல்ல வீட்டுக்கு இந்தப் பிள்ளையைக் கொண்டுவருகிறேன் என்று நினைத்தேன். நல்ல வீடு. உன் அப்பா இறந்து சில வருடம் ஆகியிருந்தது. வீட்டில் சத்தம் இல்லை. சத்தம் இல்லாததை நான் நல்ல வீடு என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அப்பா என்னை அடித்தார். பார், இன்றைக்கும் ‘ஆர்’ போட்டுத்தான் எழுதுகிறேன், அந்த மனுஷன் கல்லறைக்குப் போன பிறகும். அவர் ஊரான நாசரேத்தில் அவரைப் பற்றி விசாரித்தால் தங்கமான மனுஷன் என்பார்கள். மற்ற எல்லா விஷயத்திலும் தங்கம்தான், அதில் பொய் இல்லை. நம் வீட்டில் அடி என்ற சொல்லே கிடையாது. “அப்பாவுக்குக் கோவம் வந்துட்டு, நீ சத்தம் போடாம உள்ள போயிப் படி” என்பேன் உன்னிடம். மழை வந்துட்டு, கொடியில கெடக்க துணிய எடு என்பது மாதிரி. கோபம் எங்கிருந்தோ தானாக வரும், வந்து பெய்துவிட்டுப் போகும், யார்மேலும் குற்றமில்லை. உன் அத்தை ஒருதரம் என் உதட்டைப் பார்த்துவிட்டு, “ஏளா, ஆம்பள கோவத்துல ரெண்டு தட்டு தட்டத்தான் செய்வான். நம்மதான் அனுசரிச்சுப் போணும்” என்றார்கள். நீ பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். இலக்கணமும் கணக்கும் நான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். இதையும் நாங்கள்தான் சொல்லிக் கொடுத்தோம். ஆனால் டேனி, இதைக் காரணமாக எடுத்துக்கொண்டு போய் ஸ்டேஷனில் வைக்காதே. அதே வீட்டில்தான் நானும் இருந்தேன். நான் யாரையும் அடிக்கவில்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ சொன்னதையும் கேட்டேன், அவள் சொன்னதையும் கேட்டேன். வித்தியாசம் அதிகம் இல்லை. ஹார்பர் ஆபீஸ் கூட்டாளிகளை சாயங்காலம் நீங்கள் தனிக்குடித்தனம் இருக்கும் முத்தையாபுரம் வீட்டுக்குக் கூட்டி வந்தாய். சொல்லாமல் கூட்டி வந்தாய். அவள் பள்ளிக்கூடப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். டீ வர நேரமாகிவிட்டது என்று அவர்கள் முன்னால் கத்தினாய். அவள் டீயும் மிக்சரும் கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் போன பிறகு உன் முன்னால் வந்து நின்று, “டோன்ட் ஷவுட் அட் மீ” என்றாள். அவ்வளவுதான். நான்கு சொல். நீ, “எங்கிட்டயே இங்கிலீசு பேசுதியா?” என்று கேட்டுவிட்டு அறைந்தாய்.

உனக்கு அந்த வாக்கியத்தின் அர்த்தம் சுடவில்லை. அதைத் தமிழில், “என்னயப் பாத்துச் சத்தம் போடாதீங்க” என்று அவள் சொல்லியிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருப்பாய். நீயே என்னிடம் போனில் சொன்னாய், “அவ சொன்ன தோரணதாம்மா” என்று. தோரணை ஒன்றும் இல்லை. அந்த மொழியில் ‘ங்க’ இல்லை. அவ்வளவுதான். ஒரு ‘ங்க’ குறைந்ததற்கு உன் கை போயிருக்கிறது. அந்தக் கவிதைகளையெல்லாம் நீ கேலி செய்தாலும், அவை எந்த இடத்தில் வலிக்கும் என்று என்னைவிட உனக்குத்தான் நன்றாகப் புரிந்திருக்கிறது.

மறுநாள் காலையில் அவள் முத்தையாபுரத்தில் பஸ் ஏறி, உப்பு லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வந்து, இங்கே இறங்கினாள். உடன்குடிக்குப் போயிருக்கலாம். போனால் அடுத்த பஸ்ஸில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கேட்டுக்கு வெளியே நின்று, “மேடம்” என்று கூப்பிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். நான் வெளியே வந்து பார்த்தேன். கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவைப் போட்டிருந்தாள், அதில் இடது பக்கம் பொட்டுப் பொட்டாக ரத்தம் காய்ந்திருந்தது. “என்னம்மா இது?” என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டேன். முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினாள். பெரியாஸ்பத்திரியில் காது டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறை கிழிந்திருக்கிறது, ஆறும், ஆனால் எவ்வளவு கேட்கும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். நீ ‘கை நீட்டிட்டேன்’ என்று சொன்னது இதைத்தான். நான் உன்னைப் பெற்றவள். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன், அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மகளிர் காவல் நிலையத்துக்குப் போகலாம் என்று சொன்னது அவள். கூட வந்தது நான். நான்தான் தூண்டிவிட்டேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவ்வளவு தைரியம் எனக்கு இருந்திருந்தால் உன் அப்பா காலத்திலேயே போயிருப்பேன்.

அங்கே எஸ்.ஐ. ஒரு அம்மாள், நம் பக்கத்துப் பேச்சுதான். எதிரில் ரைட்டர் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “சொல்லும்மா, என்ன நடந்துச்சு?” என்றதும் கிருபா, “அடிச்சாங்க மேடம்” என்றாள்.

“யாரெல்லாம் அடிச்சா?”

“அவங்கதான்.”

“அவங்கன்னா எத்தன பேரு? மாமியாரும் சேந்தா?”

ரைட்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எஸ்.ஐ.யும் என்னைப் பார்த்தார்கள். கிருபா பதறிப்போய், “இல்ல மேடம், அத்தை இல்ல. அவங்க ஒருத்தங்கதான் அடிச்சாங்க. எங்க வீட்டுக்காரங்க” என்றாள்.

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார்கள். “ஏளா, காது கிழிய அடிச்சிருக்கான், அவனுக்கு எதுக்குளா ‘ங்க’? எத்தன பேருன்னு தெரியாம நான் எப்படி எழுத? ஒருத்தன்னா அடிச்சான்னு சொல்லு.”

கிருபா வாயைத் திறந்தாள். “அடிச்...” என்று நின்றுவிட்டாள். மறுபடி முயற்சி செய்தாள். வரவில்லை. நாக்கு அந்த இடத்தில் போய் நின்று திரும்பிவிட்டது. உன்மேல் பிரியத்தால் இல்லை, அதை நீ சாதகமாக எடுத்துக்கொள்ளாதே. பழக்கம். அவள் அம்மா வாயிலிருந்து அவளுக்கு வந்தது, என் வாயிலும் இருப்பது. ஒரு புகார் கொடுக்க வந்த இடத்தில், அடித்தது ஒரு ஆளா ஒரு கூட்டமா என்றே தெரியாதபடி ஒரு மரியாதை. நான் அந்த பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன், கூட்டம் என்று எழுதினாலும் பெரிய பிழை இல்லையே என்று. நான் இருக்கிறேன், உன் அப்பா இருக்கிறார், அனுசரிச்சுப் போ என்ற உன் அத்தை இருக்கிறார்கள். ஆனால் கை உன்னுடையது.

கடைசியில் கிருபா, “மேடம், நான் இங்கிலீஷ்ல எழுதித் தாரேன்” என்றாள். பேப்பரை வாங்கி மளமளவென்று எழுதினாள். சின்னச் சின்ன வாக்கியம். குறியீடு ஒன்றும் இல்லை. அவன் கத்தினான், நான் கத்தாதே என்றேன், அவன் அறைந்தான், காதில் ரத்தம் வந்தது, அவன் டிவி பார்க்கப் போய்விட்டான். நான் வாழ்நாளெல்லாம் நடத்திய எந்தக் கவிதையும் என்னை அப்படி உலுக்கியதில்லை. எஸ்.ஐ. வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்கள். “இங்கிலீசுல இருந்தா இங்கன யாரு படிக்கது? நீங்க டீச்சருதான, தமிழ்ல எழுதிக் குடுத்திருங்க. அவ கையெழுத்துப் போடட்டும்.”

எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே பேனா நின்றுவிட்டது. அவள் எழுதியிருந்தது ‘ஹி’. தமிழில் அதற்கு இரண்டு வழி இருக்கிறது. ‘என் கணவர் என்னை அறைந்தார்’ என்று எழுதலாம். யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். மனு எழுதும் முறையே அதுதான். அப்படி எழுதினால் நீ எவ்வளவு பதவிசாகத் தெரிகிறாய் என்று பார். ஏதோ ஒரு பெரியவர், ஏதோ ஒரு காரணத்துக்காகச் செய்தது போல. நான் ‘அறைந்தான்’ என்று எழுதினேன். ‘கத்தினான். அறைந்தான். டிவி பார்க்கப் போய்விட்டான்.’ இந்த முறை பேனா நிற்கவில்லை. ஏன் என்று யோசித்தபோதுதான் புரிந்தது. அந்த அறையில் உன்னை ‘அவன்’ என்று சொல்லிப் பழக்கப்பட்ட ஒரே ஆள் நான்தான். பால் குடித்தான், தவழ்ந்தான், பள்ளிக்கூடம் போனான், பாஸ் ஆனான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள். உனக்கு ‘ஆர்’ போட என் வாய்க்குத் தெரியாது.

கிருபா படித்துப் பார்த்தாள். “அத்தை, இதுல வந்து...” என்று அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்தாள். “நீ இங்கிலீசுல எழுதுனதத்தாம்மா எழுதியிருக்கேன். கூட்டவும் இல்ல, கொறைக்கவும் இல்ல” என்றேன். கையெழுத்துப் போட்டாள். பிறகு எஸ்.ஐ. என்னிடம் நான் பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள். என் மகன் அவளை அடித்தான், அவள் காதில் ரத்தத்தை நான் பார்த்தேன் என்று சொல்லி, அடியில் நானும் கையெழுத்துப் போட்டேன். உறவு என்று கேட்ட இடத்தில் தாய் என்று எழுதினேன்.

ஆக, வாபஸ் வாங்கச் சொல்லி நான் அவளிடம் சொல்ல மாட்டேன். அவளாக வாங்கினால் அது அவள் இஷ்டம், அப்போதும் என் சாட்சி அப்படியே இருக்கும். அம்மாவா டீச்சரா என்று கேட்டாயே, டீச்சராக மட்டும் இருந்திருந்தால் ஒழுங்கு மரியாதையாக ‘அறைந்தார்’ என்று எழுதி முடித்திருப்பேன். உன் அம்மாவாக இருந்ததால்தான் மற்றதை எழுத முடிந்தது.

நீ அனுப்பி வைத்த உன் மாமனாரும் மாமியாரும் நேற்று வந்தார்கள். அவர் ஒரு சிப்பம் கருப்பட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, மருமகன் நல்ல பையன், பொம்பளப் பிள்ளை ஸ்டேஷன் படி ஏறினால் மண்டியில் எனக்கு யார் முகம் கொடுப்பார்கள் என்று பேசிக்கொண்டே இருந்தார். கிருபா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், கேட்ட அளவுக்கு. அவள் அம்மா அவரைத் தாண்டிப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். “எந்தக் காதும்மா?” என்றார்கள். “எடது” என்றாள் இவள். அந்த அம்மாள் அவள் கூந்தலை ஒதுக்கி அந்தக் காதைப் பார்த்துவிட்டு, “எனக்கும் எடதுதான்” என்றார்கள்.

அதைத் தமிழில்தான் சொன்னார்கள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. மாமனார் பேச்சை நிறுத்திவிட்டார். உங்கள் எல்லோருக்கும் வலது கைதான் பழக்கம், வேறென்ன. இத்தனை வருடமாக அந்த அம்மாளுக்கு வயதாகிக் காது மந்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரும் அப்படித்தான் ஊரில் சொல்லிவைத்திருந்தார். போகும்போது அந்த அம்மாள் மகளை வரச் சொல்லிக் கூப்பிடவில்லை. திருப்பி அனுப்பி வையுங்கள் என்று என்னிடம் கேட்கவும் இல்லை. கருப்பட்டிச் சிப்பத்தை மட்டும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள்.

நீ கெட்டவன் என்று எழுத இந்தக் கடிதத்தை நான் ஆரம்பிக்கவில்லை. உனக்குக் காய்ச்சல் வந்தால் இன்றைக்கும் என் தொண்டையில் கஞ்சி இறங்காது. அது போகவும் போகாது. அதை வைத்துக்கொண்டு உனக்காக ஒரு பொய்கூடச் சொல்ல முடியாமல் இருக்கிறேனே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வியாழக்கிழமை விசாரணைக்கு வா. வக்கீலைக் கூட்டி வந்தாலும் சரி, தனியாக வந்தாலும் சரி. கேட்கிறதற்கு நேராகப் பதில் சொல். கோபம் வந்துவிட்டது என்று சொல்லாதே, நீ செய்ததைச் சொல். என்ன தண்டனை வந்தாலும் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க நான் இருக்கிறேன்.

ஆனால் வீட்டுக்கு வராதே ஐயா. இன்று சாயங்காலம் கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். அவள் போடச் சொல்லவில்லை.

அம்மா